குட்டி யானை சுமந்த விறகு

நுழையும்முன்

வீட்டிலே தமிழும் தெருவிலே இந்தியும் கேட்டு வளரும் மாணவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. இரு மொழியினரும் ஒரே பொருளைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டிருப்பதை அவர்கள் எளிதில் கண்டுகொள்வர். ஒரு சிறிய வண்டியின் பெயரும் ஒரு முள்மரத்தின் பெயரும் அவ்வாறு அமைந்தவை. அந்த வண்டியில் அந்த மரம் விறகாகிச் செல்வதைப் பற்றியது இப்பாடம்.

இரண்டு ஊர், ஒரே பெயர்

போகல் கடைத்தெருவிலோ நிஜாமுதீன் ரயில் நிலையத்தின் வெளிப்புறத்திலோ சற்று நேரம் நின்றால், சிறிய முகமும் திறந்த பின்தட்டும் உடைய நான்கு சக்கர வண்டி ஒன்று நம்மைக் கடந்து செல்லாமல் இராது. சிமெண்டு மூட்டை, காய்கறிக் கூடை, பந்தல் நாற்காலி, பழைய இரும்பு என எதையும் அது சுமக்கும். தில்லியில் அதனைச் 'சோட்டா ஹாத்தி' என்பர். மதுரையிலோ விழுப்புரத்திலோ கேட்டால் 'குட்டி யானை' என்பர். இரண்டும் ஒரே பொருளையே தருகின்றன.

2005ஆம் ஆண்டு மே மாதம் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் பெயரில் இவ்வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டே உருளைகள் கொண்ட 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், ஏற்றத்தக்க சுமை ஏறத்தாழ 750 கிலோ. பின்தட்டு சுமார் 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. பக்கப் பலகையின் உயரம் ஓர் அடி. லாரி நுழைய முடியாத சந்துகளில் இது நுழைந்தது. மூன்று சக்கர வண்டி செல்லத் தயங்கிய நெடுஞ்சாலையிலும் இது சென்றது. பின்னர் வேறு நிறுவனங்களும் இத்தகைய வண்டிகளைச் செய்தன. மக்கள் அவற்றையும் குட்டி யானை என்றே அழைக்கின்றனர்.

யானை என்று பெயரிட்டது பொருத்தமே. மரம் இழுப்பது யானையின் பழைய தொழில். ஆனைமலையில் டாப்சிலிப் என்றோர் இடம் உண்டு. மலைமேல் வெட்டிய தேக்கு மரங்களை அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் அவ்விடத்திற்கு அப்பெயர் வந்தது. காட்டுக்குள் வெட்டப்பட்ட மரங்களை இழுத்துவரப் பழக்கப்பட்ட யானைகள் பயன்பட்டன.

தலைச்சுமை

யானை இழுத்தது பெருமரங்களை. அடுப்பெரிக்கும் விறகோ நெடுங்காலம் மனிதரின் தலைமீதே ஏறி வந்தது. அதிலும் பெரும்பாலும் பெண்களின் தலைமீது. விடியுமுன் காட்டுக்குச் சென்று சுள்ளி பொறுக்கி, கொடியால் கட்டி, தலையில் ஏற்றி ஊர் திரும்புவர். தலைக்கும் கட்டுக்கும் நடுவே துணியைச் சுருட்டி வட்டமாக வைப்பர். அதன் பெயர் சும்மாடு. தலையில் விறகு குத்தாமல் காப்பது அதன் ஒரு பயன். சுமை ஒருபுறம் சாயாமல் நிலைநிறுத்துவது மற்றொரு பயன்.

தலையில் சுமையேற்றியவர் வழியில் இளைப்பாற விரும்பினால் ஓர் இடர்ப்பாடு உண்டு. கட்டினைத் தரையில் இறக்கிவிட்டால், மீண்டும் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை வேண்டும். தனிவழியில் அக்கைக்கு எங்கே போவது? இதற்காகவே தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கி எழுப்பினர். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. ஏறத்தாழத் தோளுயரம் இருக்கும். தலையிலிருந்து சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்தலாம். இளைப்பாறியபின் எவர் உதவியுமின்றித் தலைக்கு மாற்றலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அவர்தம் குடும்பத்தார் இக்கல்லை நடுவது வழக்கம். இறக்காத சுமையோடு சென்றவளின் பெயரால் பிறர் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். இன்றும் சில பழைய சாலைகளின் ஓரத்தில் இக்கற்கள் நிற்கின்றன. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பேருந்தின் சாளரத்தின் வழியே கவனித்துப் பாருங்கள்.

விறகு சுமப்பவரை நம் இலக்கியமும் மறக்கவில்லை. பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தில் 'விறகு விற்ற படலம்' என்று ஒரு பகுதி உண்டு. வடநாட்டிலிருந்து மதுரைக்கு வந்த ஏமநாதன் என்னும் இசைவாணனோடு பாடிப் போட்டியிடப் பாணபத்திரர் அஞ்சுகிறார். இறைவனே விறகு விற்கும் கிழவராக வந்து, ஏமநாதன் தங்கிய மனையின் திண்ணையில் சுமையை இறக்கிவைத்துப் பாடுகிறார். 'பாணபத்திரர் மாணவனாக ஏற்காது தள்ளிய ஆள் நான்' என்னும் பொருள்பட அக்கிழவர் கூற, ஏமநாதன் அன்றிரவே ஊரைவிட்டுப் போய்விடுகிறான். இறைவன் அரசனாகவோ அந்தணனாகவோ வாராமல் விறகுக்காரராக வந்தது ஏன் என்று வகுப்பில் பேசிப் பார்க்கலாம். எவ்வீட்டு வாயிலிலும் ஐயமின்றி நிற்கத்தக்கவர் விறகுக்காரர் ஒருவரே என்பது ஒரு விடையாகலாம்.

ஒரு தலைச்சுமையின் எடை 25 கிலோ என்று கொள்வோம். 750 கிலோ என்பது 30 தலைச்சுமை. முப்பது பெண்கள் ஒரு காலைப்பொழுது முழுவதும் நடந்து கொணர்ந்ததைக் குட்டி யானை ஒரே நடையில் கொணர்கிறது.

சீமை மரம்

இன்று தமிழ்நாட்டில் குட்டி யானையில் ஏறும் விறகு பெரும்பாலும் எது? இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கேட்டால், சீமைக் கருவேலம் என்று உடனே விடை வரும். வேலிக்காத்தான் என்றும் அதனை அழைப்பர். மெக்சிகோவும் தென் அமெரிக்காவும் அதன் தாயகம். 1870களில் சென்னை மாகாணத்தின் வன அதிகாரியாக இருந்த பெட்டோம், விறகுத் தேவைக்காக இதன் விதைகளைத் தருவிக்க முயன்றார். கடப்பைப் பகுதியில் முதலில் நட்டனர். அழைத்து வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்ட கதையாக, அது கண்மாய், வாய்க்கால், தரிசு என எங்கும் பரவியது.

'சீமை' என்னும் சொல்லைச் சற்று நோக்குவோம். நாடு, எல்லை என்பன அதன் பழைய பொருள்கள். ஆங்கிலேயர் காலத்தில் 'கடல்கடந்த நாடு' என்னும் பொருளும் அதனோடு சேர்ந்தது. அதனால்தான் மண்ணெண்ணெயைத் தென்மாவட்டத்தார் 'சீமை எண்ணெய்' என்றனர். சீமைக் கருவேலம் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்த கருவேலம்.

தில்லியின் நடுவே செல்லும் பாறைமேட்டுக் காட்டில், அதாவது ரிட்ஜ் என்று நாம் சொல்லும் இடத்தில், இதே மரம் அடர்ந்து வளர்ந்திருக்கிறது. புதுதில்லி உருவான காலத்தில் மேட்டைப் பசுமையாக்க ஆங்கிலேயர் நட்டது அது. அதன் இந்திப் பெயர் 'விலாயதி கீகர்'. கீகர் என்பது கருவேலம். விலாயதி என்பது சீமையிலிருந்து வந்தது. சொல்லுக்குச் சொல் ஒன்றே! ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எவரும் பெயர்த்துத் தந்ததாகத் தோன்றவில்லை. வந்தேறிய மரத்தைப் பார்த்த இரு மக்களும் தாமாகவே ஒரே பெயரை இட்டிருக்கலாம். இந்த 'விலாயதி' பிரிட்டிஷ் படைவீரர்களின் வாயில் 'பிளைட்டி' என்று திரிந்து, அவர்களுடைய தாய்நாட்டுக்கே செல்லப்பெயர் ஆயிற்று என்பதும் சுவையான செய்தி.

இம்மரத்தைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, பிற செடிகளை வளரவிடாது என்று உழவர் பலர் வெறுக்கின்றனர். 2017ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிட்டது. மறுபுறம், மழை பொய்த்த ஆண்டுகளில் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கத்து ஏழை வீடுகளில் அடுப்பெரிந்தது இம்மரத்தால்தான். அங்கே விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே காற்றுக் குறைவாகப் புகும்படி செய்து, பல நாள் கனலவிடுவர். அதனைக் கரிமூட்டம் என்பர். நான்கைந்து கிலோ விறகிலிருந்து ஒரு கிலோ கரி கிடைக்கும். மரத்தை வேரோடு களைய வேண்டும் என்போரும், அதனால் பிழைப்போரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர்; சில வேளைகளில் ஒரே வீட்டிலும்.

ஏற்றும் முறை

விறகு ஏற்றுதல் எளிய வேலை போலத் தோன்றும். அன்று. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீர். வெட்டியவுடன் 750 கிலோ ஏற்றினால், அதில் குறைந்தது 250 கிலோ வெறும் தண்ணீர். தண்ணீரைச் சுமந்து செல்ல டீசலைச் செலவழிக்கிறோம். அந்த விறகு அடுப்பில் எரியும்போதும் முதலில் தன் நீரைத்தான் ஆவியாக்கும். அதனால்தான் பச்சை விறகு புகைகிறது. ஆகவே அறிந்தவர் வெட்டிய இடத்திலேயே வெயிலில் பரப்பிக் காயவிட்ட பின்பே ஏற்றுவர். விறகின் முனையில் வெடிப்பு ஓடியிருந்தாலும், இரண்டு துண்டுகளைத் தட்டும்போது 'டங்' என்று ஒலித்தாலும் காய்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது அடுக்குதல். கனத்த அடிமரம் முதலில், தட்டின் மீது, வண்டியின் நீளவாக்கில் கிடக்க வேண்டும். அதன்மேல் நடுத்தரத் துண்டுகள். சுள்ளி எல்லாவற்றுக்கும் மேலே. மாற்றி ஏற்றினால் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடும். வளைவில் திரும்பும்போது வண்டி ஒருபுறம் சாயும். குட்டி யானையின் சக்கரம் சிறியது, உடல் குறுகலானது. பெரிய லாரி பொறுத்துக்கொள்ளும் தவற்றை இது பொறுக்காது. சுமை பின்புறம் மிகுந்தாலும் ஆபத்தே. முன்சக்கரங்கள் நிலத்தை அழுத்தும் வலு குறைந்து, ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் போகும். சீமைக் கருவேலம் நேராக வளரும் மரமன்று. கோணல் கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு முள்ளாவது கையில் ஏறாமல் ஒரு வண்டி நிறைவதில்லை.

பக்கப் பலகையின் உயரத்தோடு நிறுத்தினால் எடை எல்லைக்குள் நிற்கும். அதற்கு மேலும் ஓர் அடி உயர்த்தினால், பச்சை விறகாயின், எல்லையைத் தாண்டிவிடும். இதனை அறியாதவர் இல்லை, இருந்தும் உயர்த்துகின்றனர். ஒரு நடையில் முடியும் வேலைக்கு இரண்டு நடை டீசல் யார் தருவது என்பது அவர்கள் வாதம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டிக்கு 20,000 ரூபாய் தண்டம். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். தண்டத்தைவிடப் பெரிய கேடு பிரேக் பிடிக்கும்போது தெரியும். சுமை மிக மிக, வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவும் மிகும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு வண்டியின் கணக்குத் தெரியாது.

இறுதியில் கயிறு. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஒரு கம்பினைச் செருகி முறுக்கி இறுக்குவர். சிறிது தொலைவு சென்றதும் நிறுத்திக் கயிற்றை மீண்டும் இறுக்குவது நல்ல ஓட்டுநரின் அடையாளம். குலுங்கலில் விறகு அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும். வண்டியின் உடலுக்கு வெளியே கிளை நீட்டிக்கொண்டிருத்தல் கூடாது. விறகின்மேல் ஆள் உட்கார்ந்து செல்வதும் குற்றமே.

புகை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டின் ஏறத்தாழப் பாதி வீடுகளில் விறகே முதன்மை எரிபொருள். மூடிய சமையலறையில் எழும் புகை அடுப்பின் முன் இருக்கும் பெண்ணின் நுரையீரலுக்கும், அவள் மடியில் இருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கும் செல்கிறது. எரிவாயு இணைப்பினை ஏழை வீடுகளுக்கு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் தொடங்கியது. இணைப்பு வந்தபின்னும் உருளையின் விலைக்கு அஞ்சி, வெந்நீருக்கு மட்டும் விறகு என்று வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. தில்லியில் காற்று மாசு மிகும் நாள்களில் உணவகங்களின் தந்தூர் அடுப்பில் விறகும் கரியும் எரிக்கத் தடை விதிக்கப்படுகிறது. விறகுப் பொங்கலின் மணத்தைப் பாட்டி புகழும்போது, அவர் கண்கள் எத்தனை ஆண்டுகள் எரிந்தன என்பதையும் உடன் கேட்டறிய வேண்டும்.

மதராசி கேம்ப்

ஜங்புராவில், முகலாயர் காலத்துப் பாரபுல்லா பாலத்தின் அருகே, வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டனர். சுற்றியுள்ள குடியிருப்புகளில் வீட்டு வேலை முதலியன செய்து வாழ்ந்தனர். வடிகாலின் நீரோட்டம் தடைப்பட்டு மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்கிறது என்ற வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட, 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. 370 குடும்பங்களுள் 189 குடும்பங்களே மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று முதலில் கணக்கிடப்பட்டது. அவ்வீடுகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவின் அடுக்ககங்களில் உள்ளன. ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

ஒரு வீட்டை இடம்பெயர்க்கும் வேலைக்கும் பெரும்பாலும் வருவது குட்டி யானைதான். வீட்டை ஏற்றும் முறை விறகை ஏற்றும் முறையே. பீரோவும் மாவரைக்கும் கிரைண்டரும் கட்டிலும் முதலில். அரிசி மூட்டையும் பாத்திர மூட்டையும் அதன்மேல். பாயும் தலையணையும் துணி மூட்டையும் உச்சியில். எரிவாயு உருளையைப் படுக்கவைக்கக் கூடாது. நிற்கவைத்துக் கட்ட வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், பள்ளி மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை மூட்டைக்குள் வைப்பவர் இல்லை. அவை மடியிலேயே செல்லும். கேம்ப்பின் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்ப் பள்ளியில் படித்தனர். நரேலாவிலிருந்து அங்கே செல்ல ஒரு பிள்ளைக்கு நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைப் பேருந்துக் கால அட்டவணையைக் கொண்டு நீங்களே கணக்கிட முடியும்.

750 கிலோவுக்குள் அடங்காதவையும் ஒரு வீட்டில் இருக்கும். சுவரில் பதித்த அலமாரி, வாசலில் நட்ட முருங்கை, துவைகல் போன்றவை எந்த வண்டியிலும் ஏறா. அடுக்ககத்தின் சமையலறையில் விறகடுப்பும் மூட்ட இயலாது. அங்கே தைப்பொங்கல் எரிவாயு அடுப்பில்தான் பொங்கும்.

சொல்லும் பொருளும்

சும்மாடு – தலையில் சுமைக்கு அடியில் வைக்கும் துணிச்சுருள்
சுமைதாங்கி – சுமையை இறக்கிவைக்கச் சாலையோரத்தில் எழுப்பிய கல்
கண்மாய் – ஏரி (தென்மாவட்ட வழக்கு)
சுள்ளி – காய்ந்த சிறு குச்சி
கரிமூட்டம் – மரத்தை மூடிக் கனலவைத்துக் கரியாக்கும் அமைப்பு
நடை – ஒருமுறை சென்று வருதல்
தண்டம் – குற்றத்துக்குச் செலுத்தும் பணம்

இலக்கணம் அறிவோம்

'யானை' என்பது ஒரு விலங்கின் பெயர். அதனைப் போன்று சுமக்கும் வண்டிக்கு அப்பெயர் ஆகி வருகிறது. ஒன்றன் பெயர், உவமை காரணமாக அதனோடு ஒப்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவது உவமையாகுபெயர். 'காளை வந்தான்' என்பதில் 'காளை' இளைஞனைக் குறிப்பதும் இவ்வகையே.

பயிற்சி

1. சுமையைத் தரையில் இறக்காமல் சுமைதாங்கியில் இறக்குவதன் பயன் யாது?

2. 'சீமைக் கருவேலம்', 'விலாயதி கீகர்' ஆகிய இரு பெயர்களையும் சொல் சொல்லாகப் பிரித்து ஒப்பிடுக. இவ்வாறு தமிழிலும் இந்தியிலும் ஒரே பொருள்பட அமைந்த வேறொரு பெயரை வீட்டிலோ தெருவிலோ தேடி எழுதுக.

3. ஒரு வண்டியில் 600 கிலோ பச்சை விறகு உள்ளது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீர் எனில், விறகில் உள்ள நீரின் எடை எவ்வளவு? நீர் முழுவதும் வற்றினால் எஞ்சுவது எத்தனை தலைச்சுமை? (ஒரு தலைச்சுமை 25 கிலோ.)

4. சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்னும் உழவராக ஒரு மாணவரும், கரிமூட்டம் போடுபவராக மற்றொரு மாணவரும் வகுப்பில் பேசுக. பேச்சுக்குப்பின் இருவர் கூற்றையும் பத்து வரிகளில் எழுதுக.

5. வீட்டில் உள்ள மூத்தவரிடம், அவர் முதன்முதலில் தில்லிக்கு வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் எவை, கொண்டுவர முடியாமல் விட்டவை எவை என்று கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே எழுதி வருக.